கிரில் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகும் மருமகளுக்கு



இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்று, இரண்டு நாள் என்னை வேறு எதையும் எழுதவிடவில்லை. ஈப்போ, புந்தோங் பக்கத்திலிருந்து ஒரு மருமகள் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. அவர் எழுதியது இதுதான்:

"என் மாமியாருக்கு 79 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவர். இப்போது விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, 'பெரட்டுக்கு நேரமாச்சு, கதவத் தொறம்மா' என்று நிற்கிறார். போன மாதம் இரண்டு தடவை வீட்டை விட்டுப் போய்விட்டார். நான் ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார். வேறு வழி தெரியாமல் அத்தையை உள்ளே வைத்துக் கிரில்லைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறேன். வீட்டில் இருக்கும் நேரத்தில் குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நானே செய்கிறேன். ஒரு துரும்பைக்கூட அவரைத் தூக்க விடுவதில்லை. அப்படியும் நாளுக்கு நாள் மோசமாகத்தான் ஆகிறார். நான் செய்வது பாவமா?"

பாவ புண்ணியக் கணக்கு எழுத நான் யார்? ஆனால் இந்தக் கடிதத்தில் ஒரு வாக்கியம் என் கண்ணில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு துரும்பைக்கூடத் தூக்க விடுவதில்லை என்று அந்த மருமகள் பெருமையாகத்தான் எழுதியிருக்கிறார். கோளாறு அந்த இடத்தில்தான் இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. முகவரி இருந்தது, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பிறகும் மூன்று மாதத்தில் நாலைந்து தடவை போனேன். பார்த்ததையும் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றி. இதை முதுமை மறதி என்கிறோம். டாக்டர்கள் டிமென்ஷியா என்கிறார்கள். மலாய்க்காரர்கள் 'ஞாஞுக்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். வயதானால் மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லாருக்கும் வரும். கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று யோசிப்பது வேறு. நம் நாட்டுச் சுகாதார அமைச்சு 2018-இல் முதியோரைப் பற்றி எடுத்த கணக்கெடுப்பில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 8.5 பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று தெரிந்தது. அதாவது பன்னிரண்டு முதியவர்களில் ஒருவர். பள்ளிக்கூடம் போகாதவர்களிடம் இது இன்னும் கூடுதலாகக் காணப்பட்டது. தோட்டத்தில் பிறந்து, பத்து வயதில் தம்பி தங்கையைத் தூக்கி வளர்த்து, பதினைந்தில் மங்கு துடைக்கப் போன நம் அம்மாக்களும் பாட்டிகளும் இந்தக் கணக்கில் எங்கே நிற்பார்கள் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அந்த வீட்டில் அதுவரை அம்மாவை டாக்டரிடம் காட்டவில்லை. ஏன் என்று கேட்டேன். மருமகள் தயங்கித் தயங்கி, "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிட்டோம்னு பேசுவாங்களே" என்றார். பேராக்கில் பிறந்தவர்களுக்கு இந்தச் சொல் எப்படிச் சுடும் என்று தெரியும். 1911-இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனையை வைத்து மூன்று தலைமுறையாக நாம் ஒருவரை ஒருவர் கேலி செய்து பழகிவிட்டோம். கேலி பேசியவர்கள் வீட்டிலேயே இன்று முதியவர் மறந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது, அதே கேலி டாக்டரிடம் போக விடாமல் காலைக் கட்டுகிறது. முதலில் போக வேண்டியது பக்கத்திலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்குக்குத்தான். கிரீன்டவுனிலும் இருக்கிறது, சுங்கை சிப்புட்டிலும் இருக்கிறது. அங்கிருந்து தேவைப்பட்டால் நிபுணரிடம் அனுப்புவார்கள்.

போவதால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். மறதிபோலத் தெரிகிற எல்லாமே இந்த நோய் ஆகிவிடாது. தைராய்டு குறைந்தாலும், பி-12 சத்துக் குறைந்தாலும், மனச்சோர்வு பிடித்தாலும், சில மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மனிதர் இப்படித்தான் ஆவார். அவற்றுக்கு மருந்து உண்டு. காது மந்தமாகிவிட்டவரை மறதிக்காரர் என்று நினைத்துவிடுவதும் நடக்கிறது. இன்னொன்றை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். நேற்று வரை நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று உளறினால், ஆளே மாறினால், அதை வயது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்க் கிருமியோ, நெஞ்சுச் சளியோ, இனிப்பு நீர் மருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கியதோ காரணமாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது வீட்டு மனிதர் ஒருவர் கட்டாயம் கூடப் போங்கள். அங்கே சில கேள்விகள் கேட்பார்கள். இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழைக் கழி, இந்தப் படத்தைப் பார்த்து வரை என்பதுபோல. பேனாவே பிடிக்காத கை எப்படி வரையும்? சம்பள நாளையும் தைப்பூசத்தையும் வைத்துக் காலத்தை அளந்தவருக்குத் தேதி எதற்கு? "எங்க அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை, மலாய் அவ்வளவாகப் பேச வராது" என்று முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் முன்பு செய்து இப்போது செய்ய முடியாமல் போன வேலைகள் எவையென்று சொல்லுங்கள். மார்க்கைவிட அதுதான் டாக்டருக்கு உதவும்.

இந்த அம்மாவுக்கு அது முதுமை மறதிதான் என்று சொல்லிவிட்டார்கள். இனிப்பு நீரும் இருந்தது. நோயைத் துடைத்து எடுக்கும் மருந்து இன்றுவரை இல்லை. சிலருக்குக் கொஞ்ச காலம் தாங்கலாக இருக்கும் மாத்திரைகள் உண்டு. அதை டாக்டர் சொல்வார். நான் எழுத வந்தது மாத்திரையைப் பற்றி அல்ல.

முதல் தடவை நான் போனபோது விடியற்காலை ஆறு மணி. மருமகள் வேலைக்குப் புறப்படும் அவசரம். குளியலறையில் ஒரே கூச்சல். மருமகள் அவசரம் அவசரமாகத் துணியைக் கழற்றி ஷவருக்கு அடியில் நிறுத்த, அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, "என்னைக் கொல்றாளே" என்று கத்துகிறார். எனக்கே பகீரென்றது. மருமகள் கண்ணிலும் தண்ணீர். "தினமும் இப்படித்தாங்க" என்றார்.

நான் உட்கார்ந்து அந்த அம்மாவோடு பழங்கதை பேசினேன். தோட்டத்தில் எங்கே குளிப்பீர்கள், எப்போது குளிப்பீர்கள் என்று கேட்டேன். நேற்றுச் சாப்பிட்டது தெரியாதவர், ஐம்பது வருஷத்துக்கு முந்தியதை மழைபோலக் கொட்டினார். வேலைக்காட்டிலிருந்து பால் வாளியோடு ஸ்டோருக்கு வந்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, லயத்துக்கு வந்து, வெயில் சாயும்போது மாரில் கைலியைக் கட்டிக்கொண்டு, தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் குளிப்பாராம். அந்த நாலு வார்த்தையில் எல்லாம் விளங்கிவிட்டது. விடியற்காலையில் குளிப்பது அவருக்கு வழக்கமே இல்லை. இருட்டில் பெரட்டுக்கு ஓட வேண்டும், யார் குளிப்பார்கள்? உடம்பில் துணியில்லாமல் நிற்பது அவர் அறியாத வெட்கக்கேடு. தலைக்கு மேலே ஒரு குழாயிலிருந்து தண்ணீர் வந்து விழுவது புரியாத பயங்கரம்.

அன்று மாலை ஒரு பெரிய வாளி வாங்கச் சொன்னேன். ஒரு கயோங்கும் வாங்கினார்கள். வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று. உட்கார ஒரு பிளாஸ்டிக் முக்காலி. மறுநாள் மருமகள் ஷிப்டு முடிந்து வந்தபிறகு, நாலு மணிக்கு, வாளியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் நிரப்பி, அம்மா மாரில் கைலியைக் கட்டிவிட்டு, கயோங்கைக் கையில் கொடுத்து மருமகள் ஒதுங்கி நின்றார். ஒரு வார்த்தை பேச வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். அந்த அம்மா கயோங்கை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். குனிந்து மொண்டார். தோளில் ஊற்றினார். அப்புறம் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சோப்பை மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. குளித்து முடித்து, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். இரண்டு வருஷமாக ஒருவர் பிடிக்க ஒருவர் தேய்க்க நடந்த குளியல் அது.

இதில் மாய மந்திரம் ஒன்றும் இல்லை. ஞாபகம் என்பது ஒரே பெட்டி இல்லை என்கிறார்கள் டாக்டர்கள். நேற்று நடந்ததை வைக்கும் இடம் ஒன்று. கை கால் பழகிய வேலையை வைக்கும் இடம் இன்னொன்று. இந்த நோய் முதலில் முன்னதைத்தான் அரிக்கிறது. பின்னது நெடுநாள் தாங்கும். மரப்பட்டையில் எவ்வளவு ஆழம் வெட்டலாம், எங்கே நிறுத்தினால் மரத்தில் காயம் படாது என்று ஒரு நாளில் சில நூறு தடவை, முப்பது வருஷம் செய்த கை அது. மருமகளின் பெயர் மறந்துபோனாலும் அந்தக் கைக்கு வேலை தெரியும். நாம்தான், பாசத்தாலோ அவசரத்தாலோ, வேலையைக் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறோம். நடக்காத கால் மரத்துப்போவதுபோல, செய்யாத வேலையும் போய்விடுகிறது. பிறகு நோய் முற்றிவிட்டது என்கிறோம்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்நோயின் தொடக்க நிலையில் இருந்த 475 பேரை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. லிண்டா கிளேர் என்ற பேராசிரியை தலைமையில் நடந்த அதன் முடிவு 2019-இல் வெளியானது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மீதிப் பேரின் வீட்டுக்குப் பயிற்சி பெற்றவர்கள் வாரம் ஒரு முறையாகப் பத்து முறையும், அடுத்த ஆறு மாதத்தில் நான்கு முறையும் போனார்கள். போனவர்கள் சமைத்துப் போடவில்லை, துணி துவைத்துக் கொடுக்கவில்லை. "உங்களுக்கு எந்த வேலையை மறுபடி நீங்களே செய்ய வேண்டும்?" என்று கேட்டு, இரண்டு மூன்று காரியங்களை மட்டும் எடுத்து, அதற்கு வழி கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். ஒன்பது மாதம் கழித்தும் அந்தக் காரியங்களில் முன்னேற்றம் தெரிந்தது. ஞாபகப் பரீட்சையில் மார்க் ஏறவில்லை; அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எதைச் செய்ய ஆசைப்பட்டார்களோ அதைச் செய்ய முடிந்தது. 79 வயதுப் பாட்டிக்கு மார்க் எதற்கு?

ஆகவே நாங்களும் அந்த அம்மாவைக் கேட்டோம். "அத்தை, என்ன வேலை நீங்களே செய்யணும்?" முதலில் பதில் வரவில்லை. ஞாபகம் இருக்கிறதா, தெரிகிறதா என்று கேட்டால் அவர்கள் பயந்துபோவார்கள்; அப்படிக் கேட்காதீர்கள். பேச்சோடு பேச்சாக நின்றபோது தானாக வந்தது: "ஒரு கோப்பி கலக்கிக் குடிக்க விடமாட்டேங்குதே இந்தப் பொண்ணு."

கேஸ் அடுப்பில் ஒரு தடவை துணி தீப்பிடித்ததால் அடுப்படிக்குள்ளேயே அவரை விடுவதில்லை. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. விறகடுப்பில் சமைத்தவருக்குக் கேஸ் குமிழைத் திறந்து மூடுவது இனி பழகாது. அடுப்பை விட்டுவிட்டுக் கோப்பியை மட்டும் மீட்டோம். மருமகள் போகுமுன் பிளாஸ்கில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி வைக்கிறார். கோப்பித்தூள் டப்பா, ஒரு கரண்டி, அந்த அம்மா தோட்டத்திலிருந்து கொண்டுவந்த எனாமல் குவளை, மூன்றே பொருள் மேசைமேல். சீனி டப்பா மேசையில் இல்லை. அலமாரிக்குள் வைத்தால் தேடத் தெரியாது. கண்ணெதிரே இருந்தால் கை போகும். முதல் வாரம் தூளை அள்ளி அள்ளிப் போட்டார். சிறிய கரண்டி மாற்றினோம். இப்போது காலையில் அவராகக் கலக்கிக் குடிக்கிறார். சில நாள் மூன்று குவளை. இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறேன் நான். மருமகளுக்கு அதில் கோபம்.

இரவில் கக்கூஸ் தெரியாமல் நடுவீட்டில் போய்விடுவது இன்னொரு தொல்லை. தோட்டத்தில் கக்கூஸ் லயத்துக்கு வெளியே இருக்கும். வீட்டுக்குள்ளே, சமையலறைக்குப் பக்கத்தில், மற்ற கதவுகளைப் போலவே ஒரு கதவுக்குப் பின்னால் அது இருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? எழுதி ஒட்டினால் படிக்கத் தெரியாது. கைப்பிடியில் பளிச்சென்று பச்சைத் துணி கட்டி, கதவைத் திறந்தே வைத்து, ராத்திரி முழுக்கச் சின்ன விளக்கு எரியவிட்டோம். கூடவே ஒரு பயிற்சி. "கக்கூஸ் எங்கே அத்தை?" என்று கேட்பது, "பச்சைத் துணி" என்று நாமே சொல்லிக்கொடுத்து அவரைச் சொல்ல வைப்பது. ஒரு நிமிஷம் கழித்து மறுபடி கேட்பது. சரியாகச் சொன்னால் இரண்டு நிமிஷம், பிறகு நாலு, எட்டு, கால் மணி என்று இடைவெளியைக் கூட்டுவது. தவறினால் திட்டாமல் உடனே விடையைச் சொல்லிவிட்டு, முந்திய இடைவெளிக்குத் திரும்புவது. ஊகிக்க விடக்கூடாது; தப்பு விடையும் மனதில் ஒட்டிக்கொள்ளும். பள்ளிப் பிள்ளையான பேத்திதான் இதை விளையாட்டுப்போலச் செய்தாள். பத்து நாளானது. வாரத்தில் ஓரிரு இரவு இன்னும் தவறுகிறது.

எல்லாம் பலித்தது என்று எழுதினால் பொய். வெள்ளிக்கிழமை கோயிலுக்குத் தனியாகப் போய்வர வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. வழியில் பெரிய சாலை. மோட்டார் சைக்கிளும் லோரியும் ஓயாது. நாலு தடவை கூட நடந்து பழக்கிப் பார்த்தோம். சாலை விளிம்பில் நிற்கத் தோன்றவில்லை அவருக்கு. விட்டுவிட்டோம். இப்போது பக்கத்து வீட்டம்மா கூட்டிக்கொண்டு போகிறார். அர்ச்சனைத் தட்டை மட்டும் அந்த அம்மாதான் ஏந்துகிறார்.

விடியற்காலைப் பெரட்டுக்கு வருகிறேன். "தோட்டமே இல்லையே அத்தை, எல்லாம் வித்துட்டாங்க, லயத்தை இடிச்சிட்டாங்க" என்று மருமகள் தினமும் விளக்கினார். தினமும் அந்த அம்மா அந்தச் செய்தியைப் புதிதாகக் கேட்டார், புதிதாக அழுதார். இப்படிச் செய்யாதீர்கள். அதற்காக "இன்னும் மணி அடிக்கலை" என்று பொய் சொல்லச் சிலர் யோசனை சொல்வார்கள். ஆபத்துக்கு உதவலாம், ஆனால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. "உங்க நெரை எந்தப் பக்கம் அத்தை? எத்தனை மரம்?" என்று கேட்டுப் பாருங்கள். பொய்யும் வேண்டாம், மறுப்பும் வேண்டாம். பேசிக்கொண்டே கோப்பி குடிப்பார். பிறகு கையில் விளக்குமாற்றைக் கொடுங்கள். இந்த வீட்டில் அதுதான் நடக்கிறது. ஐந்து மணிக்கு வாசலும் பின்பக்கமும் பெருக்குகிறார், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். வேலை முடிந்தது என்ற திருப்தி முகத்தில் தெரிகிறது. மத்தியானத் தூக்கத்தைக் கொஞ்சம் குறைத்ததால் இரவுத் தூக்கமும் நீண்டது.

இனி அந்தக் கிரில் கதவு.

வெளியில் பூட்டிய வீட்டுக்குள் தனியாக ஒரு முதியவர். தீப்பிடித்தால் என்ன ஆகும்? அதை நினைத்துத்தான் மருமகளும் தூங்காமல் இருக்கிறார். பூட்டாதே என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிடலாம். அவர் வேலையை விட்டால் வீட்டு வாடகையை யார் கட்டுவது? ஆகவே பூட்டை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் யார் கண் அவர்மேல் இருக்கும் என்று யோசித்தோம்.

லயத்தில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. பத்து வீடு ஒரே கூரை. வேலைக்குப் போகாத கிழவிகள் நாலு பேர், ஆயாக் கொட்டகையில் ஓர் ஆயா, ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். மறதி பிடித்த தாத்தா ஸ்டோர்ப் பக்கம் போனால் யாராவது, "என்னா தாத்தா, இங்க வந்துட்டீங்க?" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். சம்பளமில்லாத வீட்டு உதவி அது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் பணத்தைச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். வாங்க முடிந்தது சில, போனது பல. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனைக் காட்டில் தாமான்கள் வந்தன. கூலியும் வீடும் போனதைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அந்தப் பத்து வீட்டுக் கண்கள் போனதைப் பற்றி யாரும் கணக்கு எடுக்கவில்லை.

போனதில் கொஞ்சத்தைத் திரும்பக் கட்டலாம். அந்த மருமகளை வெட்கத்தை விட்டுத் தெருவில் ஆறு பேரிடம் விஷயத்தைச் சொல்லச் சொன்னேன். பக்கத்து வீடு, எதிர் வீடு, மளிகைக் கடை, கச்சாங் பூத்தே வறுக்கும் கடை, கோயில் குருக்கள், முக்குக் கோப்பிக் கடைச் சீனர். "எங்க அத்தையைத் தனியா பார்த்தா இந்த நம்பருக்குப் போன் பண்ணுங்க." மறைத்து வைத்திருந்தபோது யாரும் உதவவில்லை, சொன்னபிறகு ஆறு பேரும் உதவினார்கள். சீனர் இரண்டு தடவை நாற்காலி போட்டு உட்கார வைத்துப் போன் பண்ணியிருக்கிறார். அம்மாவின் சட்டைப் பையில் போன் நம்பர் தைத்த துணி. வீட்டில் அண்மையில் எடுத்த படம். காணாமல் போனால் ஒரு நாள் காத்திருக்க வேண்டும் என்பது தவறான எண்ணம். அந்த நிமிஷமே போலீஸுக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது, வீட்டுக்கு ஆள் வந்து உதவுவது. இது பணக்கார நாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். கேரளாவில் குன்னங்குளம் என்ற சிற்றூரில் 1992-இல் டாக்டர் ஜேக்கப் ராய் தொடங்கிய சங்கம்தான் இந்தியா முழுவதற்கும் இந்நோய்க்கான சங்கமாக வளர்ந்தது. கோவாவில் 81 குடும்பங்களை வைத்து ஒரு சோதனை நடந்து, 2008-இல் அதன் முடிவு வந்தது. வீடுகளுக்குப் போனவர்கள் டாக்டர்களல்லர். பயிற்சி கொடுக்கப்பட்ட உள்ளூர்க்காரர்கள். மேற்பார்வைக்கு ஒரு மனநல டாக்டர். நோய் என்ன என்று விளக்குவது, குளிப்பாட்டலையும் சாப்பாட்டையும் எப்படிச் சமாளிப்பது என்று காட்டுவது, டாக்டரிடம் அனுப்புவது, பார்த்துக்கொள்பவரின் மனக்குறையைக் கேட்பது, இவ்வளவுதான் வேலை. ஆறு மாதத்தில் பார்த்துக்கொள்பவர்களின் மனச்சுமை நன்றாகக் குறைந்தது.

நம் ஊரில் என்ன கிடைக்கும்? சமூக நல இலாகாவுக்கு, நாம் கெபாஜிக்கான் ஆபீஸ் என்கிறோமே அதற்குத்தான், வீட்டு உதவித் திட்டம் ஒன்று உண்டு. மலாயில் 'கித்மாட் பந்து டி ருமா'. தொண்டர்கள் முதியவர் வீட்டுக்கு வந்து பேச்சுத் துணையாக இருப்பது, கிளினிக்குக்குக் கூட்டிப் போவது, சாமான் வாங்கித் தருவது போன்றவற்றைச் செய்வார்கள். எல்லா இடத்திலும் தொண்டர்கள் இருப்பதில்லை. வருவதும் தினமும் அல்ல. ஆனாலும் கேட்காமல் கிடைக்காது. முதியோர் பகலில் கூடும் நடவடிக்கை மையங்களையும் அந்த இலாகா நடத்துகிறது. பக்கத்தில் எது என்று கேளுங்கள். வருமானம் குறைந்த, 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான மாத உதவித்தொகை 2025-இல் 600 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஐ.சி.யோடு போய் மனுக் கொடுங்கள். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 15999 என்ற எண்ணுக்குப் போன் பண்ணலாம். படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்குச் சுகாதார கிளினிக்கிலிருந்து வீட்டுக்கே வந்து பார்க்கும் குழு உண்டு, டாக்டரிடம் விசாரியுங்கள். ஈப்போவில் பேராக் டிமென்ஷியா சங்கம் இருக்கிறது. குடும்பங்களுக்கு வழி சொல்வதும், முதியவர்களைப் பகலில் வைத்துப் பார்ப்பதும் அவர்கள் செய்து வந்திருக்கும் பணி.

உதவிக்கு வருபவர் யாராயிருந்தாலும், பக்கத்து வீட்டம்மாவாக இருந்தாலும், முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுங்கள். "அத்தையே கோப்பி கலக்குவாங்க, நீங்க கலக்கிக் குடுக்காதீங்க. அத்தையே துணி மடிப்பாங்க, கோணலா இருந்தாலும் பிரிச்சு மடிக்காதீங்க." நல்ல மனசுக்காரர்கள்தான் அதிகம் கெடுப்பார்கள்.

இப்போது அந்த வீட்டு ஏற்பாடு இப்படி இருக்கிறது. மருமகள் மேற்பார்வையாளரிடம் விஷயத்தைச் சொல்லிக் காலை ஷிப்டிலேயே நிற்கிறார். காலை ஏழு முதல் பதினொன்று வரை, பக்கத்து வீட்டம்மா தம் வாசலில் உட்கார்ந்து காய்கறி நறுக்கும்போது இந்த அம்மாவும் கூட உட்கார்ந்து பயிற்றங்காய் ஒடிக்கிறார். அதற்கு மாதம் ஒரு தொகை பேசிக் கொடுக்கிறார்கள். மத்தியானம் பேத்தி பள்ளி விட்டு வரும்வரை பினாங்கிலிருக்கும் மூத்த மகன் செலவில் ஓர் ஆள் வருகிறார். மூத்தவரிடம் இதைப் பேச இளையவர் மூன்று மாதம் தயங்கினார். பெற்ற தாய்க்குச் செலவு கேட்க என்ன தயக்கமோ, நம் ஆண்பிள்ளைகளுக்கு! எல்லாவற்றையும் வீட்டுக்கு வந்த பெண்ணின் தலையில் கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, "அம்மா இளைச்சிட்டாங்களே" என்று கேட்கும் மகன்களும் மகள்களும் இந்தப் பத்தியைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள்.

கிரில் பூட்டு இன்னும் இரவில் போடப்படுகிறது. ஆனால் உள்பக்கம், வீட்டில் ஆள் இருக்கும்போது, சாவி பக்கத்து ஆணியில். பகலில் பூட்டுவதில்லை. மருமகள் போன வாரம் எழுதிய இரண்டாவது கடிதத்தில் பாவமா என்ற கேள்வி இல்லை. கோப்பித்தூள் மாதம் இரண்டு பாக்கெட் கூடுதலாகச் செலவாகிறது என்றுதான் எழுதியிருந்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் எழுதுங்கள். அவருக்கு என்ன வயது, எந்தத் தோட்டத்தில் என்ன வேலை செய்தார், இப்போது எதை அவரே செய்கிறார், எதை நீங்கள் நிறுத்திவிட்டீர்கள் என்ற விவரங்களோடு எழுதினால் பதில் சொல்ல எனக்கு வசதியாக இருக்கும்.